விளக்குக் கட்டிய வீட்டுக்காரன்

தன் வீட்டுக்கு விளக்கலங்காரம் செய்துகொள்கிற மனிதனை உலகத்துத் தர்மவான்களில் ஒருவனாகக் கணக்கிட வேண்டும் என்பது என் தீர்மானமான அபிப்பிராயம். சத்திரம் கட்டியவன் ஒரு நாளாவது அதில் படுத்துப் பார்க்கலாம். குளம் வெட்டியவன் ஆசைக்கு ஒரு முழுக்குப் போடலாம். கைப்பணத்தைச் செலவழித்து, மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரிலிருந்து வாசற்படி வரையில் சீரியல் செட் தொங்கவிட்ட கிருகஸ்தனோ, அந்த ஜோதி முழுவதையும் தெருவில் போகிறவர்களுக்குத் தத்தம் செய்துவிட்டு, ஜன்னல் வழியாகச் சிவப்பும் பச்சையும் மாறி மாறித் தன் முகத்தில் விழ, தூக்கமில்லாமல் புரண்டுகொண்டிருக்கிறான். அவன் வீடு எப்படி ஜொலிக்கிறதென்று ஊரில் எல்லோருக்கும் தெரியும், அவனைத் தவிர.

எங்கள் ஆம்பூரில் இந்தத் தர்மத்தை நடத்திவைக்கும் புரோகிதர் லைட் செட்காரர். மேல்நாட்டில் வீடுகளுக்கு விளக்குக் கட்டும் தொழிலாளிக்கு டிசம்பரை ஒட்டித்தான் ஜீவனம் என்கிறார்கள். ராணிப்பேட்டை, மேல்விஷாரம், வேலூர், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றுப் பிரதேசத்தில் பரவிக் கிடக்கும் எங்கள் தோல் சீமையில் அவருக்கு ஓய்வென்பதே கிடையாது. ஆடியில் கூழ் வார்க்கும் அம்மன்கள், ஆவணியில் விநாயகர், மார்கழியில் பெருமாளும் கிறிஸ்துவும், தையில் முகூர்த்தங்கள், சித்திரைப் பௌர்ணமியில் வேலூர்ப் புஷ்பப் பல்லக்குகள், வைகாசி முதல் தேதி குடியாத்தம் கெங்கையம்மன் சிரசு என்று ஒரு வரிசை ஸ்திரமாக நிற்க, ரம்ஜானும் மீலாதும் பிறைக் கணக்குப்படி வருஷத்துக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னே முன்னே நகர்ந்து, ஏறக்குறைய முப்பத்துமூன்று வருஷத்தில் எல்லா மாதங்களையும் ஒரு பிரதட்சிணம் செய்துவிடுகின்றன. இந்தக் கிரக சஞ்சாரத்தைப் பஞ்சாங்கமின்றிச் சொல்லக்கூடியவர் எங்கள் தெருவில் செட்காரர் ஒருவரே.

அந்தக் கலையின் பழைய மாட்சியை நான் சிறுவனாயிருந்தபோது குடியாத்தம் சிரசுத் திருவிழாவில் தரிசித்திருக்கிறேன். மரச் சட்டங்களில் பல்புகளை நெருக்கமாகப் பொருத்தி, தோகை விரிக்கும் மயிலையும் தாமரையில் அமர்ந்த அம்மனையும் ஆகாயத்தில் நிறுத்தியிருப்பார்கள். மயில் தோகையை விரிப்பதும் மடக்குவதும் தட்டிக்குப் பின்னாலிருந்த ஒரு மர உருளையின் கிருபை. உருளையின்மேல் செப்புத் தகடுகளை ஏறுமாறாக அடித்திருப்பார்கள். சிறிய மோட்டார் ஒன்று அதைச் சுழற்றும். வரிசையாக நிற்கும் செப்பு நாக்குகளில் எதன்மேல் தகடு உரசுகிறதோ அந்த வரிசைப் பல்புகள் எரியும், தகடு விலகியதும் அணையும். உரசுமிடத்தில் நீலப் பொறி படபடவென்று பறக்கும். பெரியவர்கள் முன்பக்கம் நின்று மயிலைப் பார்த்தார்கள்; எங்களைப் போன்ற ஞானிகள் பின்பக்கம் நின்று உருளையைப் பார்த்தோம். அந்த உருளையின் காரியத்தை இப்போது நகமளவுச் சில்லு ஒன்று சத்தமில்லாமல் செய்துவிடுகிறது; பின்பக்கம் போய் நிற்பதற்குச் சிறுவர்களுக்கு ஒரு நியாயமும் இல்லை.

சீரியல் செட் என்பது பழைய கூட்டுக் குடும்பம். சுவரில் வந்து நிற்கும் 230 வோல்ட்டை, ஆளுக்கு 6 வோல்ட்டுக்குமேல் தாங்காத நாற்பது பல்புகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கைகோத்து நின்று பங்கிட்டுக்கொள்கின்றன. ஒரே மின்னோட்டம் எல்லோர் வழியாகவும் போய்த் தீர வேண்டியிருப்பதால், கோடியில் ஒரு பல்பு பிராணனை விட்டால் அத்தனையும் அக்கணமே துக்கம் அனுஷ்டிக்கும். காலமானவர் யார் என்று கண்டுபிடிப்பதில்தான் வித்தை இருக்கிறது. எங்கள் செட்காரர் ஏணியின் உச்சியில் ஒற்றைக் காலில் நின்று, துண்டு ஒயரின் தோலைப் பல்லாலேயே உரித்து, ஒவ்வொரு பல்பின் இரு முனைகளையும் அதனால் தொட்டுக்கொண்டே வருவார். எந்த இடத்தில் தொட்டதும் மற்றவை உயிர்த்தெழுகின்றனவோ, அங்கே இருக்கிறது பிரேதம். ஒயர் சுவரில் உராயுமிடத்தில் ஷூ கம்பெனிக் கழிவான தோல் துண்டுகளை வைத்துக் கட்டுவார். ஜெர்மானியர் காலுக்குப் போய்ச் சேர வேண்டிய கன்றுத் தோலின் மிச்சம் எங்கள் மாடிச் சுவரில் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இத்தனைக்கும் ஆதிகர்த்தா, 1882-இல் நியூயார்க்கில் தம் வீட்டுக் கிறிஸ்துமஸ் மரத்துக்குச் சிவப்பும் வெள்ளையும் நீலமுமாக 80 மின்விளக்குகள் சூட்டி, மரத்தையே மெல்லச் சுழலவிட்ட எட்வர்ட் ஜான்சன், எடிசனின் சகா. மகா புத்திசாலியான அந்த மனிதர் மரத்தை வீட்டுக்குள்ளே வைத்துக்கொண்டார். நாற்காலியில் சாய்ந்து தாமே பார்க்கலாம். விளக்கை வெளிச்சுவருக்கு ஏற்றியவர்கள் பின்னால் வந்த பரோபகாரிகள்.

லுத்தரன் மிஷன் வழிவந்த எங்கள் குடும்பத்தில் கிறிஸ்துமஸ் மரம் என்பது சவுக்குக் கிளை. அதன்மேல் மருந்துக்கடைப் பஞ்சைப் பிய்த்துத் தூவினால் பனி. நிஜப் பனியில் கொண்டாடும் ஐரோப்பியர் அன்று அணியும் பாதரட்சைகளில் ஆம்பூரில் தைத்தவையும் உண்டு. அவை கப்பலேறிப் போய்ச் சேர வேண்டுமே என்று, அவர்களுடைய பண்டிகையை நாங்கள் ஆடி வெக்கையிலேயே அட்டைப்பெட்டிகளில் அடைத்து அனுப்பிவிடுகிறோம். எங்கள் பங்குக்கு டிசம்பர் வருகிறபோது, சித்திரையில் நாற்பது டிகிரிக்குமேல் வெந்து பழகிய இந்தச் சீமை, காற்றுக் கொஞ்சம் குளிர்ந்தவுடனே குரங்குக் குல்லாய்க்குள் புகுந்துகொண்டு, உலகத்தில் இதைவிடக் கடுங்குளிர் இருக்க முடியாதென்று நடுங்குகிறது.

செட்காரரின் கீர்த்திக்குச் சோதனையாக வந்தது 2015-ஆம் வருஷத்து டிசம்பர். 21-ஆம் தேதி வைகுண்ட ஏகாதசி, 24 மீலாது நபி, 25 கிறிஸ்துமஸ், 26 விடியற்காலை ஆருத்ரா தரிசனம். போதாக்குறைக்குக் கிறிஸ்துமஸன்று பௌர்ணமி வேறு. 1977-க்குப் பிறகு கிறிஸ்துமஸும் பௌர்ணமியும் அப்படிச் சேர்ந்ததில்லை. தேவலோகத்தார் கூடிப் பேசிவைத்து ஒரே மனிதரின் ஒரே மூட்டை ஒயரின்மேல் வந்து இறங்கியது போலிருந்தது. டிசம்பர் பிறந்ததிலிருந்து வீட்டில் வற்புறுத்தல் தாங்காமல், ஏகாதசியன்று பெருமாள் கோயில் வாசலில் ஏணிமேலிருந்த அவரிடம் விண்ணப்பித்தேன்.

"அண்ணே, நம்ம வீட்டுக்கு எப்போ?"

"இன்னா சார் அவசரம்? இருபத்தஞ்சாந் தேதிதானே பொறக்கறாரு? அதுக்குள்ள கட்டிடலாம்."

இந்தத் தர்க்கத்துக்கு எங்கள் போதகரிடம்கூடப் பதில் இருந்திருக்காது.

24-ஆம் தேதி சாயங்காலம் வந்தார். வெறுங்கையோடு வந்தார். பெருமாள் கோயிலில் இறங்கிய செட் அத்தனையும் பக்கத்து வீட்டுத் தோல் மண்டிக்காரர் மாடியில், மீலாதுக்காகப் பச்சையாக எரிந்துகொண்டிருந்தது. செட்காரர் இரு வீட்டுச் சுவர்களையும் ஒரு சேனாதிபதியைப் போல் பார்வையிட்டார். கைப்பிடிச் சுவருக்கு அப்பாலிருந்து பாய் எட்டிப் பார்த்து, "இருக்கட்டும் சார், கழட்ட வேணாம்; இங்கேருந்தே உங்க சுவருக்கு இழுத்துக்கச் சொல்லுங்க. நம்ம ஊட்டுல இன்னும் ஒரு ராத்திரி எரிஞ்சா இன்னா கொறஞ்சிடும்?" என்றார். அவர் மாடியில் பிறையும் நட்சத்திரமுமாக ஒரு சட்டம் நின்றது. செட்காரர் இரண்டு ஆணிகளைப் பிடுங்கி, பிறையை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு, நட்சத்திரத்தை மட்டும் பெத்லகேமுக்கு அனுப்பினார். கிழக்கத்திய சாஸ்திரிகளுக்கு வழிகாட்டிய நட்சத்திரம் பச்சை நிறமாயிருந்ததாக வேதத்தில் இல்லை, இல்லையென்றும் இல்லை. பெருமாள் கோயில் வாசலிலிருந்து வந்த 'நல்வரவு' பலகை எங்கள் வாசல் நிலைக்குமேல் ஏறிற்று. அது போகாத வீடு ஊரில் எது?

தெருவே பகலாகி, எதிர்வீட்டுச் சேவல் ஒன்று குழம்பிப்போய் இரவு ஒன்பது மணிக்குக் கூவியது என்றால் மிகையல்ல. பகலாகாத இடம் ஒன்றே ஒன்று. அது எங்கள் வீட்டின் உட்புறம். வாசலில் நிறுத்திய இரண்டு ஃபோகஸ் லைட்டுகளை வீட்டின் பழைய ஒயரிங் தாங்காமல் மறுநாள் சாயங்காலம் பியூஸ் போயிற்று. செட்காரர் அதைப் போட்டுக் கொடுத்துவிட்டு, "சார், உள்ளே லைட்டு, மிக்ஸி, கிரைண்டர், பெரிய ஃபேன் எதுவும் போடாதீங்க, வெளியே மங்கும்" என்று உத்தரவிட்டார். எனவே என் மனைவி மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் கேக் வெட்டினாள். ஜான்சனை நினைத்துக்கொண்டே நான் இருட்டில் அதைத் தின்றேன்.

வீட்டைப் பார்க்கும் பாக்கியம் எனக்கும் ஒரு முறையாவது கிட்டட்டுமே என்று, லுங்கியும் குரங்குக் குல்லாயுமாக இறங்கி எதிர்ச்சாரியில் போய் நின்றேன். பௌர்ணமிச் சந்திரன் கூலி வாங்காமல் எரிந்துகொண்டிருந்தான். அந்த வேளையில் ஒரு மோட்டார் சைக்கிள் என் பக்கத்தில் வந்து நின்றது. நெற்றி நிறைய விபூதி பூசிய அன்பர் ஒருவர் எங்கள் வீட்டை மேலும் கீழும் பார்த்து, பிறகு என்னையும் அவ்வாறே பார்த்து, "செட்டு நல்லாகீதேப்பா! விடிகாலம் நம்ம கோயில்ல ஆருத்ரா. நாலு மணிக்குள்ள கழட்டி எடுத்துனு வந்துடு. உங்க முதலாளிகிட்ட சொல்லிடு" என்று கட்டளையிட்டு, நான் வாயைத் திறப்பதற்குள் ஐந்நூறு ரூபாய் முன்பணத்தை என் கையில் திணித்துவிட்டுப் போய்விட்டார்.

செட்காரரிடம் விஷயத்தைச் சொல்லிப் பணத்தைக் கொடுத்தேன். அவர் நிலா வெளிச்சத்தில் நோட்டுகளை எண்ணிப் பார்த்து, அதிலிருந்து ஐம்பது ரூபாயை எடுத்து எனக்குக் கமிஷனாகக் கொடுத்துவிட்டு, ஏணியைச் சற்றே பிடித்துக்கொள்ளச் சொன்னார்.