துண்டு போட்ட பன்னிரண்டு பேர்

பஸ் நிற்பதற்கு முன்பே ஜன்னல் வழியாகத் துண்டை வீசி சீட் பிடிக்கும் கலை நம் ஊருக்கே சொந்தம் என்று நினைத்திருந்தேன். 2021 ஏப்ரல் 18, ஞாயிறு ராத்திரி, ஐரோப்பாவின் 12 பணக்காரக் கால்பந்து கிளப்புகள் அந்தப் பெருமையைத் தட்டிப் பறித்தன.

பஸ்ஸின் பெயர் ஐரோப்பிய சூப்பர் லீக். மொத்தம் 20 சீட். அதில் 15 சீட்டில் நிரந்தரத் துண்டு. எத்தனை தோற்றாலும் எழுப்ப முடியாது. பாக்கி 5 சீட்டுக்கு ஏழை பாழைகள் வருஷா வருஷம் முட்டி மோதிக்கொள்ளலாம். டீசலுக்கு ஜே.பி. மார்கன் வங்கி, 300 கோடி யூரோவுக்கு மேல் எடுத்துவைத்துக் காத்திருந்தது.

துண்டு போட்டவர்களின் யோக்கியதை? டாட்டன்ஹாம் கடைசியாக லீக் பட்டம் வென்றது 1961-இல். அர்செனல் அதுவரை சாம்பியன்ஸ் லீக் கோப்பையைத் தூக்கியதே இல்லை. டிரைவர் சீட்டில் ரியல் மாட்ரிட் தலைவர் ஃபுளோரென்டினோ பெரெஸ். 'கால்பந்தைக் காப்பாற்றத்தான் இதெல்லாம்' என்று டிவியில் உருகினார். பக்கத்தில் அன்றைய யுவென்டஸ் தலைவர் ஆந்த்ரேயா அன்யெல்லி. இவருடைய மகளுக்கு ஞானத்தந்தை யார் தெரியுமா? ஐரோப்பியக் கால்பந்தை நிர்வகிக்கும் யுஇஎஃப்ஏவின் தலைவர் செஃபெரின். அறிவிப்புக்கு முந்தின நாள் அவர் போனில் விசாரித்தபோது, 'எல்லாம் வதந்தி, திரும்பக் கூப்பிடுகிறேன்' என்ற அன்யெல்லி, அதோடு போனை அணைத்துவிட்டார் என்று செஃபெரினே பிறகு புலம்பினார். சம்பந்தி சண்டை தோற்றது.

செவ்வாய்க்கிழமை செல்சி ரசிகர்கள் தங்கள் மைதானத்து வாசலிலேயே தங்கள் கிளப்பின் பஸ்ஸை மறித்தார்கள். பழைய கோல்கீப்பர் பீட்டர் செக் இறங்கி வந்து கெஞ்ச வேண்டியதாயிற்று. அன்று ராத்திரிக்குள் ஆறு இங்கிலாந்து கிளப்புகளும் துண்டைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இறங்கிவிட்டன. அறிவித்து 48 மணி நேரம்கூட ஆகவில்லை.

அப்புறம் பஞ்சாயத்து. இங்கிலாந்தின் பிரீமியர் லீக் அந்த ஆறு பேருக்கும் சேர்த்து 2.2 கோடி பவுண்டு கட்டச் சொன்னது. தலைக்கு நாற்பது லட்சம்கூடத் தேறாது. அந்தப் பணத்துக்கு ஒரு சுமாரான தடுப்பாட்டக்காரரைக்கூட வாங்க முடியாது. 'இன்னொரு தரம் செய்தால் 30 புள்ளி பிடுங்குவோம்' என்ற மிரட்டல் வேறு. பிரம்பை மேஜையில் தட்டிவிட்டு வைத்துவிடும் வாத்தியார் தண்டனை! அடுத்த மாதம் யுஇஎஃப்ஏவின் சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டி. மோதியது யார்? துண்டு போட்ட அதே செல்சியும் மான்செஸ்டர் சிட்டியும். ஓடப் பார்த்த வீட்டிலேயே பந்தி பரிமாறி, கோப்பையையும் கையில் கொடுத்தனுப்பினார்கள்.

இன்னும் கடுமையாகத் தண்டித்திருக்க வேண்டாமா? தாராளமாக. ஆனால் அபராதம் கிழித்த கண்டக்டரின் பூர்வீகத்தையும் கொஞ்சம் பார்த்துவிடலாம். 1992-இல், நூறு வயது தாண்டிய ஃபுட்பால் லீக்கின் முதல் டிவிஷன் கிளப்புகள் 22-உம் மொத்தமாக ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு, டிவிப் பணத்தைத் தங்களுக்குள்ளேயே பங்கு போட்டுக்கொள்ளத் தனிக்குடித்தனம் போயின. அந்தத் தனிக்குடித்தனத்துக்குப் பெயர்தான் பிரீமியர் லீக்.

கண்டக்டர் தோளில் கிடப்பதும் பழைய துண்டுதான். வெளுத்துப்போனதால் யாரும் கவனிப்பதில்லை.