தனியாகப் பறக்க எத்தனை பேர் வேண்டும்?

கேள்வி: இன்ஜினே இல்லாத கிளைடருக்கும் லைசென்ஸ் உண்டா? வாங்கிவிட்டால் இஷ்டப்படி பறக்கலாமா?

பதில்: இன்ஜின்தான் கிடையாது, பரீட்சை உண்டு. ஜெர்மனியில் 14 வயதுப் பையன் பயிற்சியாளரின் அனுமதியோடு தன்னந்தனியாகப் பறக்கலாம். இறங்கியதும் அப்பாவின் கார் சாவியைத்தான் தொடக்கூடாது! லைசென்ஸ் 16 வயதில். அதற்குப் பிறகும் இஷ்டப்படியா? கிளைடரைக் கயிறு கட்டி இழுத்து மேலே ஏற்றும் விஞ்சை இயக்க ஒருவர், இறக்கை நுனி தரையில் உரசாமல் பிடித்துக்கொண்டு கூடவே ஓட ஒருவர். சில வாரம் பறக்காமல் இருந்தால், "முதலில் என்னோடு ஒரு ரவுண்டு வாங்க" என்று பின்சீட்டில் ஏறிக்கொள்ளும் பயிற்சியாளர் வேறு.

லைசென்ஸுக்கு அடுத்தது, கிளைடர் விமானியின் திறமைக்குத் தரும் வெள்ளி பேட்ஜ். 5 மணி நேரம் மேலேயே இருக்க வேண்டும், 1000 மீட்டர் உயரம் ஏற வேண்டும், 50 கிலோமீட்டர் போக வேண்டும். நடுவழியில் காற்று கைவிட்டால் யாருடைய வயலிலாவது இறங்கி, விவசாயியிடம் அசடு வழிந்து, கிளப்புக்குப் போன் போட வேண்டியதுதான். நண்பர்கள் டிரெய்லரோடு வந்து, இறக்கைகளைக் கழற்றி ஏற்றிக்கொண்டு போவார்கள். அன்றைய ராத்திரிச் சாப்பாட்டு பில் விமானியின் தலையில். அது எந்தச் சட்டத்திலும் இல்லை. ஆனால், தப்பித்தவரும் இல்லை.