மாடியில் தெரியும் மலை

போன டிசம்பரில் ஒரு நாள் விடிகாலை. வாசல் தெளிக்கப் போன என் மனைவி வாளியோடு திரும்பி ஓடிவந்தாள்.

"ஏங்க, மாடியில அந்தம்மா அழுதுகிட்டு நிக்கறாங்க. ராத்திரி மோட்டார் போட்டீங்களா இல்லையா?"

எங்கள் வீட்டில் யாருக்கு எந்தத் துக்கம் என்றாலும் முதல் சந்தேகம் மோட்டார் மேல்தான். திருவண்ணாமலையில் செங்கம் ரோட்டை ஒட்டிய தெருக்களில் மாடி போர்ஷனை சீசனுக்கு விடுகிற வீட்டுக்காரர்களில் நானும் ஒருவன். சீசன் என்றால் நவம்பர் முதல் மார்ச் வரை. அந்த வருஷம் குடிவந்தவர் ஜெர்மனியிலிருந்து வந்த ஓய்வுபெற்ற டீச்சர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். என்னை 'அண்ணா' என்பார். தமிழை ஆட்டோக்காரர்களிடம் கற்றுக்கொண்டவர் என்பதால் வணக்கத்துக்குப் பதில் "எவ்ளோ?" என்றுதான் பேச்சைத் தொடங்குவார்.

மேலே ஓடினேன். "தண்ணி வரலீங்களா?"

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கையை நீட்டி, "அண்ணா, மலை!" என்றார்.

திரும்பிப் பார்த்தேன். மலை இருந்தது. நேற்றும் அங்கேதான் இருந்தது.

"லவ்" என்றார். எனக்குப் புரியாமல் போய்விடுமோ என்று "காதல்" என்றும் மொழிபெயர்த்தார்.

கீழே வந்து, "தண்ணிப் பிரச்சினை இல்ல. காதல்" என்றேன்.

"இந்த வயசுலயா! யார் மேலங்க?"

"மலை மேல."

"அப்ப சரி" என்று மனைவி மறுபடி வாளியை எடுத்தாள்.

நாற்பது வருஷமாக இந்த மலையடியில் குடியிருக்கிறேன். உயரம் 2,668 அடி என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்ததோடு சரி. எனக்கு அது மழை பார்க்கிற கருவி. உச்சியில் மேகம் கவிந்தால் வடகத்தை உள்ளே எடுக்க வேண்டும். பௌர்ணமி என்றால் பக்தர்களுக்குக் கிரிவலம், எங்களுக்கு ஊரடங்கு. வண்டியை வெளியே எடுக்க முடியாது. கல்யாணப் பத்திரிகையில் பேர் போட மறந்த சொந்தக்காரர்களெல்லாம், "சும்மா பார்த்துட்டுப் போலாம்னு" என்றபடி நேராக பாத்ரூமுக்குப் போவார்கள்.

இந்த ஊர்மேல் காதல் வந்தவர்கள் பட்டியலைப் புரட்டினால் ஒன்று தெரியும்: பெரும்பாலும் வெளியூர்.

தலையாய காதலர் திருச்சுழியில் பிறந்து மதுரையில் படித்துக்கொண்டிருந்த ஒரு பையன். 1895இல் உறவினர் ஒருவர் 'அருணாசலத்திலிருந்து வருகிறேன்' என்று சொல்ல, அப்படி ஓர் ஊர் நிஜமாகவே ரயில் போகிற தூரத்தில் இருக்கிறதா என்று அசந்துபோனான். அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 29 அன்று, அண்ணனின் கல்லூரிச் சம்பளம் கட்டக் கொடுத்த ஐந்து ரூபாயில் மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, மீதியைக் கடிதத்தோடு வைத்துவிட்டுக் கிளம்பினான். பழைய அட்லஸ் ஒன்றைப் பார்த்துத் திண்டிவனம்தான் பக்கம் என்று முடிவு கட்டினான். இன்று செல்போன் வரைபடத்தை நம்பி முட்டுச்சந்தில் நிற்பவர்களுக்கு அவரே முன்னோடி. விழுப்புரத்தில் இறங்கி, மாம்பழப்பட்டு வரை ரயில், பிறகு நடை, நடுவில் காதுக் கடுக்கனை நாலு ரூபாய்க்கு அடகு வைத்து, செப்டம்பர் 1 அன்று வந்து சேர்ந்தார். அப்புறம் 54 ஆண்டுகள், 1950இல் மறையும் வரை, ஊர் எல்லையைத் தாண்டவே இல்லை. அவர்தான் ரமண மகரிஷி. நான் வேலூருக்கே மாசம் இரண்டு தடவை போகிறேன்.

அவரைத் தேடிக்கொண்டு வந்தவர்கள் அடுத்த பட்டியல். 1911இல் ஹம்ஃப்ரீஸ் என்கிற ஆங்கிலேய போலீஸ் அதிகாரி விருபாட்ச குகைக்கு ஏறினார். வந்தது யாரையும் பிடிக்க அல்ல. 1931இல் வந்த பால் பிரண்டன் 1934இல் வெளியிட்ட புத்தகம்தான் இந்த ஊரை ஐரோப்பாவின் புத்தக அலமாரிகளில் ஏற்றியது. 1935இல் மேஜர் சாட்விக் வந்து, ஆசிரமத்துக்குள்ளேயே குடில் போட்டுக்கொண்டு கடைசிவரை இங்கேயே இருந்துவிட்டார். 1938இல் ஆங்கில எழுத்தாளர் சாமர்செட் மாம் வந்தார். மகரிஷியைப் பார்க்கும் முன்பே மயங்கி விழுந்தார். நாம் விழுந்தால் சோடா தெளித்து அனுப்பிவிடுவார்கள். அவர் விழுந்ததைச் சமாதி நிலை என்று ஊரே பேசியது. அதெல்லாம் இல்லை என்று அவரே பின்னாளில் எழுத வேண்டியதாயிற்று. ஆனால் இங்கே பார்த்ததை வீணாக்கவில்லை. 1944இல் வந்த அவருடைய நாவலில் ஒரு மகானாக அது உட்கார்ந்துகொண்டது.

உள்ளூர்க்காரர் ஒருவர்கூடவா இல்லை என்று கேட்பீர்கள். அருணகிரிநாதர் இருக்கிறார். இந்த ஊரிலேயே பிறந்தவர் என்பார்கள். அவர் கதைப்படி வல்லாள மகாராஜா கோபுரத்தின் மேலிருந்து குதித்து, முருகன் தாங்கிப் பிடித்த பிறகே பாட ஆரம்பித்தார். உள்ளூர்க்காரனுக்குக் கண் திறக்க அவ்வளவு உயரத்திலிருந்து விழ வேண்டியிருக்கிறது!

எனக்குக் கல்நெஞ்சு என்று நினைத்துவிடாதீர்கள். நானும் ஓர் ஊரிடம் மனசைக் கொடுத்தவன்தான். எல்.ஐ.சி. முதிர்வுத் தொகை வந்த வருஷம், குரூப் டூரில் ஐரோப்பா போனோம். ரோமில் இரண்டே நாள். பாந்தியன் என்று ஒரு கோயில். கட்டி ஏறக்குறைய 1,900 ஆண்டுகள். கூரை உச்சியில் பெரிய வட்ட ஓட்டை; மழை பெய்தால் உள்ளேயே பெய்கிறது. எங்கள் வீட்டுத் தளம் ஒரு மூலையில் ஒழுகியதற்கு மேஸ்திரியோடு ஆறு மாதம் பேசாமல் இருந்தவன் நான், அந்த ஓட்டையை அண்ணாந்து பார்த்தபடி வாய் பிளந்து நின்றேன். ட்ரெவி நீரூற்றில் காசு போட்டால் மறுபடி ரோமுக்கு வருவோம் என்றார்கள். ஐந்து ரூபாய் நாணயத்தைப் போட்டேன். "யூரோ போட்டாத்தான் பலிக்குமோ என்னவோ" என்றாள் மனைவி.

அப்போதுதான் பக்கத்துச் சந்திலிருந்து ஒரு சத்தம். ஒரு ரோமாபுரித் தாத்தா காரை வெளியே எடுக்க முடியாமல் எங்கள் கூட்டத்தைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார். உலகமே படம் பிடிக்கிற நீரூற்றின் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. எனக்கு இத்தாலிய மொழி ஒரு சொல்லும் தெரியாது. ஆனால் அவர் பேசிய அத்தனையும் புரிந்தது. பௌர்ணமிக்குப் பௌர்ணமி எங்கள் தெருமுனையில் நின்று நான் பேசுகிற வசனம்தான் அது.

டீச்சரம்மா மலையைக் காட்டி அழுத அன்று அந்தத் தாத்தா ஞாபகத்துக்கு வந்தார். கொஞ்சம் வெட்கமாக இருந்தது. "நாளைக்குக் கிரிவலம் போறப்ப நானும் வரேங்க" என்றேன்.

கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். நான் பல தடவை சுற்றியிருக்கிறேன், ஸ்கூட்டரில், முன்னால் காஸ் சிலிண்டரோடு. நடந்ததில்லை. அவர் வெறுங்காலில் வந்தார். மானத்துக்குப் பயந்து நானும் செருப்பைக் கழற்றினேன். இந்திர லிங்கம், அக்னி லிங்கம் வரை அவருக்கு நான் விளக்கம் சொன்னேன். யம லிங்கம் தாண்டியதும் அவர் எனக்குச் சொல்ல ஆரம்பித்தார். நிருதி லிங்கத்தில் என் வலது குதிகாலில் கொப்புளம். வருண லிங்கத்தில் இடது காலும் சேர்ந்துகொண்டது. அவர் தன் பையிலிருந்து பிளாஸ்திரி எடுத்து ஒட்டிவிட்டு, "எவ்ளோ?" என்று கேட்டார். எவ்வளவு வலிக்கிறது என்பதற்கும் அவரிடம் அந்த ஒரு சொல்தான்.

குபேர லிங்கத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் அவர் நின்றார். அங்கிருந்து பார்த்தால் மலை ஐந்து முகமாகத் தெரியும் என்று கையை விரித்து எண்ணிக் காட்டினார். அவரோடு சேர்ந்து நானும் எண்ணினேன். ஐந்துதான். நாற்பது வருஷமாக எனக்குத் தெரிந்த மலைக்கு ஒரே முகம், எங்கள் மாடிக் கொடியில் காயும் லுங்கிக்குப் பின்னால் தெரிவது. மலை நாலு பக்கமும் இருக்கிறது என்பதே எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

மார்ச் கடைசியில் அவர் கிளம்பினார். அட்வான்ஸில் எதுவும் பிடிக்க மனசு வரவில்லை. (உடைந்த குழாய்க்கு மட்டும் மனைவி பிடித்துக்கொண்டாள்.) மலையைப் பார்த்துப் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலியைத் திருப்பாமல் அப்படியே விட்டுவிட்டுப் போயிருந்தார். வடகம் காயவைக்கலாம் என்றாள் மனைவி. நான்தான் போய் உட்கார்ந்தேன். சாயங்கால வெயில் உச்சியிலிருந்து இறங்கி, பாறை பாறையாக நிறம் மாறிக்கொண்டிருந்தது. மோட்டாரை நிறுத்த மறந்து, தொட்டி நிரம்பித் தண்ணீர் தெருவில் ஓடியது.

ஆகவே, வரும் சீசனுக்கு மாடி போர்ஷன் கிடைக்குமா என்று விசாரிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அறை காலிதான். நாற்காலி காலியில்லை.