தவறான தளத்தில் போய் விழுவது எப்படி?

இலவச மென்பொருள் எங்கே கிடைக்கும் என்று சொல்லித்தர ஆயிரம் பேர் இருக்கிறார்கள். கிடைக்கிற இடத்தைச் சரியாகத் தவறவிடுவது எப்படி என்று சொல்லித்தரத்தான் ஆள் இல்லை. அந்தக் குறையைத் தீர்க்கவே இந்தக் கையேடு. பெரம்பலூரைத் தாண்டிச் சென்னை போகும் நெடுஞ்சாலையில் வருகிற வாலிகண்டபுரத்து வாசகர்களை மனத்தில் வைத்து எழுதியது. மற்ற ஊர்க்காரர்களும் தாராளமாகப் பின்பற்றலாம். பலன் எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

தேவையானவை

கணினி ஒன்று. 2011-ல் தொடங்கிய திட்டத்தில் தமிழக அரசு கொடுத்த மடிக்கணினி பரணில் இருந்தால் இன்னும் விசேஷம். அவற்றில் பலவற்றில் விண்டோஸோடு ‘பாஸ்’ லினக்ஸும் சேர்ந்தே வந்தது. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய திறமூல இயங்குதளம் அது. அதை ஒருமுறைகூடத் திறக்காமல் இருந்திருப்பது கூடுதல் தகுதி.

செல்போன் ஹாட்ஸ்பாட் ஒன்று. எல்லாவற்றுக்கும் மேலாக, அவசரம். அக்கா கல்யாண வீடியோ பென் டிரைவில் இருக்கிறது, ஓட மாட்டேன் என்கிறது, பார்க்க வந்த சித்தப்பா கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார். இந்த அளவு அவசரம் போதும்.

செய்முறை

1. முகவரியைத் தட்டச்சு செய்யவே செய்யாதீர்கள்.

வீடியோ ஓட்டும் வீஎல்சி வேண்டுமா? அதைச் செய்பவர்கள் வீடியோலேன் என்ற பிரெஞ்சு அமைப்பினர். 1996-ல் பாரிஸ் அருகே ஒரு கல்லூரியின் மாணவர்கள் ஆரம்பித்த வேலை, 2001-ல் திறமூலமானது. அவர்கள் வீடு வீடியோலேன்.ஆர்க். மென்பொருளின் பெயர் ஒன்று, தளத்தின் பெயர் வேறொன்று. பாதி வேலையை அவர்களே முடித்துக் கொடுத்துவிட்டார்கள். மீதிப் பாதி உங்களுடையது. கூகுளில் ‘வீஎல்சி ஃப்ரீ டவுன்லோட்’ என்று அடித்து, முதலில் வருவதை அமுக்குங்கள். அதன் தலைமேல் ‘விளம்பரம்’ என்று பொடி எழுத்தில் போட்டிருந்தாலும் கண்டுகொள்ளாதீர்கள்.

இப்படி அமுக்கியவர்களுக்கு 2023-ல் நல்ல பலன் கிடைத்தது. கடவுச்சொற்களைப் பூட்டி வைக்கும் கீபாஸ் மென்பொருளின் பெயரில் கூகுளில் ஒரு விளம்பரம் வந்தது. போய்ச் சேர்ந்த முகவரியில் ‘கே’ என்ற ஆங்கில எழுத்தின் அடியில் ஒரு சின்னக் கீற்று. திரையில் ஒட்டிய தூசி மாதிரி தெரியும். புள்ளி வைத்தால் எழுத்தே மாறிவிடும் என்று ஒன்றாம் வகுப்பிலேயே படித்த நமக்கே அது கண்ணில் பட்டிருக்காது. உள்ளே காத்திருந்தது கீபாஸ் வேடம் போட்ட தீநிரல்.

பிறகு ஜெராக்ஸ் கடைக்குப் போகவேண்டி வரும். அங்கே உரையாடல் இந்த வரிசையில் நடக்க வேண்டும்:

“தம்பி, எந்த சைட்டுல எறக்குன?”

“கூகுள்லதாண்ணே.”

இதற்கு மேல் அண்ணனாலும் ஒன்றும் கேட்க முடியாது.

2. இருப்பதிலேயே பெரிய பச்சைப் பொத்தானை அமுக்குங்கள்.

நல்ல போலித் தளத்தில் ‘டவுன்லோட்’ என்று நாலைந்து பொத்தான்கள் இருக்கும். ஒன்று பச்சை, ஒன்று நீலம், ஒன்று அம்புக்குறியோடு துடித்துக்கொண்டிருக்கும். நிஜமான இணைப்பு ஒன்று இருந்தால், அது பக்கத்தின் அடியில் சாம்பல் நிறத்தில் ஒற்றை வரியாகக் கிடக்கும். அதன் பக்கமே போகாதீர்கள்.

இறங்கிய கோப்பைத் திறந்ததும் இரண்டு வட்டங்கள் வரும். மேலே ‘எக்ஸ்பிரஸ்’, பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ‘பரிந்துரைக்கப்படுவது’. கீழே மங்கலாக ‘கஸ்டம்’. அந்தக் கீழ்வட்டத்தைத் தொட்டால் ஏற்கெனவே டிக் அடித்து வைத்த மூன்று பெட்டிகள் வெளியே வரும்: புதுத் தேடுபொறி, கணினியைச் ‘சுத்தம்’ செய்யும் கருவி, கேட்காத ஒரு உலாவி. தொடாதீர்கள். ‘நெக்ஸ்ட்’, ‘நெக்ஸ்ட்’, ‘நெக்ஸ்ட்’. நாளைக் காலை உலாவியின் முகப்பு வேறாக இருக்கும். ‘உங்கள் கணினியில் 1,347 பிழைகள்’ என்று ஒரு பெட்டி எட்டிப் பார்க்கும். எண்ணைப் பார்த்து அசரவேண்டாம், அது எல்லாருக்கும் வரும்.

3. பெயர் ஒன்றானால் ஆளும் ஒன்றே என்று நம்புங்கள்.

எங்கோ இருக்கிற சர்வருக்குள் நுழையப் பயன்படும் புட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். எழுதியவர் சைமன் டாத்தம். மென்பொருளின் பெயரைத் தாங்கிய புட்டி.ஆர்க் அவருடையதாகத்தானே இருக்கவேண்டும்? இல்லை. அது வேறு யாரோ வைத்திருப்பது. டாத்தம் ஆண்டுக்கணக்காக மென்பொருளை வைத்திருந்த பக்கம் சியார்க்.கிரீன்எண்ட்.ஆர்க்.யூகே, அதற்குப் பின் ஒரு அலைக்குறி, அதற்குப் பின் அவருடைய பயனர் பெயர். பார்க்கிறவருக்கு இதுதான் போலியாகத் தெரியும். போலி பளபளக்கும், அசல் அழுக்கு வேட்டியோடு நிற்கும் என்பது இந்தத் துறையின் பழைய விதி. பளபளப்பைத் தேர்ந்தெடுங்கள்.

4. பழைய பெயரை விடாதீர்கள்.

கடிதம் அடிக்க, கணக்குப் போட இலவச மென்பொருள் என்றால் பலர் வாயில் முதலில் வருவது ஓப்பன் ஆபீஸ். சன் நிறுவனம் அதன் நிரலை 2000-ல் பொதுவில் வைத்தது. 2010 தொடக்கத்தில் சன்னை ஆரக்கிள் வாங்கியது. அதே ஆண்டு செப்டம்பரில், வேலை செய்துகொண்டிருந்தவர்களில் பலர் பிரிந்து டாக்குமென்ட் பவுண்டேஷன் அமைத்து லிப்ரே ஆபீஸைத் தொடங்கினார்கள். 2011-ல் ஆரக்கிள் ஓப்பன் ஆபீஸை அப்பாச்சி அறக்கட்டளையிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டது.

ஆட்கள் போனார்கள், பெயரும் முகவரியும் மட்டும் பழைய வீட்டிலேயே தங்கிவிட்டன. 2014-ல் வந்த 4.1-க்குப் பிறகு ஓப்பன் ஆபீஸில் சின்னச் சின்னத் திருத்தங்கள்தான். லிப்ரே ஆபீஸோ ஆண்டுக்கு இரண்டு தரம் புதிதாக வருகிறது. 2020-ல் லிப்ரே தரப்பினர் அப்பாச்சிக்கு வெளிப்படையாகவே ஒரு கடிதம் எழுதினார்கள். உங்கள் வாசலுக்கு வருகிறவர்களிடம் நாங்கள் இருக்கும் இடத்தையும் சொல்லிவிடுங்கள் என்பதே சாரம். தேடி வருகிறவர் இன்றும் பழைய வாசலில்தான் மணி அடித்துக்கொண்டிருக்கிறார்.

ஆகவே ஓப்பன் ஆபீஸை இறக்குங்கள். அடுத்தவர் அனுப்பிய புதுக் கோப்பு அதில் கோணல்மாணலாகத் திறக்கும்போது, “இலவசம்னா இப்படித்தான்” என்று சொல்லுங்கள். வழிகாட்டியின் இந்தக் கட்டத்தில் அந்த வாக்கியம் கட்டாயம்.

5. ஒருகாலத்தில் நல்ல இடமாக இருந்தால், என்றைக்கும் நல்ல இடமே.

திறமூலம் என்றாலே சோர்ஸ்போர்ஜ் தளம்தான் என்றிருந்த காலம் உண்டு. படங்களைத் திருத்தும் கிம்ப்பின் விண்டோஸ் பதிப்பைத் தந்தவர்கள், அங்கே பெருகிய ஏமாற்று விளம்பரப் பொத்தான்களைப் பொறுக்காமல் 2013-ல் வெளியேறினார்கள். 2015-ல் அவர்கள் விட்டுப்போன கணக்கை அந்தத் தளமே எடுத்துக்கொண்டு, கிம்ப்போடு விளம்பர மென்பொருளையும் கட்டிக் கொடுத்தது. எதிர்ப்புக் கிளம்பிய பிறகு நிறுத்தினார்கள். தளம் பின்னர் கைமாறி அந்தப் பழக்கத்தையும் விட்டது. நீங்கள் 2013-ல் யாரோ சொன்னதை இன்றைக்கும் வேதவாக்காக வைத்துக்கொள்ளுங்கள்.

நம் தமிழுக்கும் இதில் பங்கு உண்டு. தமிழில் தட்டச்சு செய்யப் பலருக்குக் கைகொடுத்த இ-கலப்பையின் நிரல் கூகுள் கோடில் இருந்தது. 2016 ஜனவரியில் கூகுள் அந்தக் கடையையே இழுத்து மூடியது. நிரல் கிட்ஹப்புக்குக் குடிபோனது. பழைய வலைப்பதிவுகளில் ‘இங்கே சொடுக்கவும்’ என்ற வரிகள் மட்டும் அப்படியே இருக்கின்றன. சொடுக்குங்கள். பலவற்றில் ஒன்றும் வராது. உடனே கோப்புப் பகிரும் தளம் எதிலாவது யாரோ ஏற்றிவைத்த பிரதியை எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் அடிக்கும் ஒவ்வொரு எழுத்தையும் பார்க்கப்போகிற மென்பொருள் அது என்பதை மட்டும் நினைக்கவே கூடாது.

6. அரசாங்கத்தின் ஒத்துழைப்பையும் பெறுங்கள்.

2022 பிப்ரவரியில் வீடியோலேன்.ஆர்க் இந்தியாவில் திறக்காமல் போனது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் கீழ் விதித்த தடை. தங்களுக்கு முன்னறிவிப்பு வரவில்லை, காரணமும் சொல்லவில்லை என்றார்கள் தளத்தை நடத்துகிறவர்கள். ஏற்கெனவே கணினியில் இருந்த வீஎல்சி வழக்கம்போல் ஓடியது. புதிதாக வேண்டியவருக்கு அசல் கடையில் மட்டும் பூட்டு, அதே பெயரில் இருந்த மற்ற கடைகளில் விளக்கு எரிந்தது. அக்டோபரில் வீடியோலேன் அரசுக்குச் சட்ட அறிவிப்பு அனுப்பியது. இன்டர்நெட் ஃப்ரீடம் பவுண்டேஷன் துணை நின்றது. நவம்பர் 14 அன்று தடை நீங்கியது. பாதுகாப்பின் பெயரால் பத்தாயிரம் பேரைப் போலித் தளத்துக்கு அனுப்ப இதைவிடச் சுருக்கமான வழியை நம்மால் யோசிக்க முடியாது.

7. மாலையைப் பார்க்காதீர்கள்.

வாலி பூசித்த ஈசன் என்று தலபுராணம் சொல்லும் வாலீஸ்வரர் இருக்கிற ஊரில் இதை விளக்கவே வேண்டாம். அண்ணனும் தம்பியும் அச்சு அசல் ஒன்று. முதல் சண்டையில் யார் வாலி, யார் சுக்ரீவன் என்று ராமனுக்கே புரியவில்லை, அம்பு கையிலேயே நின்றது. உதைபட்டுத் திரும்பிய தம்பியைப் பூங்கொடியை மாலையாகச் சூடிக்கொண்டு மறுபடி போகச் சொன்னான்.

நல்ல திறமூலத் திட்டங்கள் கோப்பின் பக்கத்திலேயே அந்த மாலையைத் தொங்கவிட்டிருக்கும். எஸ்எச்ஏ-256 என்ற பெயரில் 64 எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு வரி. இறக்கிய கோப்பிலிருந்து அதே வரியைக் கணக்கிட விண்டோஸிலேயே சர்ட்யுடில் என்ற கருவி இருக்கிறது. கோப்பில் ஒரு துளி மாறியிருந்தாலும் வரி முழுக்க வேறாக வரும். ஒரு நிமிட வேலை. செய்யாதீர்கள்.

மாலையைப் போட்டதே எதிராளியாக இருந்தால்? அதுவும் நடக்கக்கூடியதே. 2016 பிப்ரவரி 20 அன்று லினக்ஸ் மின்ட் இயங்குதளத்தின் சொந்தத் தளத்துக்குள்ளேயே புகுந்து, இறக்க வருகிறவர்களைப் பின்கதவு வைத்த பிரதிக்குத் திருப்பிவிட்டார்கள். தளத்தையே பிடித்தவர்கள் பக்கத்தில் இருக்கிற வரியை மாற்ற எவ்வளவு நேரம் ஆகும்? அதனால்தான் கவனமான திட்டங்கள் டிஜிட்டல் கையொப்பமும் சேர்த்து இடுகின்றன. அதையும் பார்க்காமல் விட்டால் இந்தப் பாடத்தில் நீங்கள் முழுத் தேர்ச்சி.

மென்பொருள் செய்பவர்களுக்குத் தனிக் குறிப்பு

பயனர் தனியாகவே வழி தவறுவார் என்று இருந்துவிடாதீர்கள், உங்கள் உழைப்பும் வேண்டும். அறக்கட்டளைக்கு ஒரு தளம், மென்பொருளுக்கு ஒன்று, உதவிக் குறிப்புக்கு ஒன்று, நிரலுக்கு ஒன்று என்று வையுங்கள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு வழி வைக்காதீர்கள். வீடு மாறினால் பழைய வீட்டில் அறிவிப்புப் பலகை மாட்டாதீர்கள். பழைய முகவரியின் ஆண்டுக் கட்டணத்தைக் கட்ட மறந்துவிடுங்கள், மறுவாரமே அதை வாங்கிக்கொள்ள ஆள் காத்திருக்கிறது. பிறகு, “அதிகாரபூர்வத் தளத்திலிருந்து மட்டுமே இறக்கவும்” என்று அறிவுரை சொல்லுங்கள். எது அது என்று சொல்லிவிடாதீர்கள்.

விளையாட்டு போதும்

சம்பளம் இல்லாமல் ராப்பகலாக நிரல் எழுதுகிறவர்கள், வாசலில் பெயர்ப்பலகை மாட்டுவதை வேலையாகவே நினைப்பதில்லை. குழப்பத்தின் வேர் பெரும்பாலும் அங்கேதான். தவறான கதவைத் தட்டியவரை முட்டாள் என்பது அநியாயம்.

ஆனால் வேர் எங்கே இருந்தாலும் முள் குத்துவது நம் காலில். ஆகவே ஜெராக்ஸ் கடை, இ-சேவை மையம் நடத்தும் அண்ணன், அக்காக்களுக்கு ஒரு வேண்டுகோள். ‘கடன் அன்பை முறிக்கும்’ என்ற அட்டைக்குப் பக்கத்தில் இன்னொரு அட்டை ஒட்டுங்கள்: வீஎல்சிக்கு வீடியோலேன்.ஆர்க், எழுத்து வேலைக்கு லிப்ரேஆபீஸ்.ஆர்க், படத்துக்கு கிம்ப்.ஆர்க், கடவுச்சொல்லுக்கு கீபாஸ்.இன்ஃபோ. ஆங்கில எழுத்திலேயே பெரிதாக எழுதுங்கள், தம்பிகள் பார்த்து அப்படியே அடிக்கட்டும். அட்டைக்கு ஆகும் செலவு ஒரு பிரிண்ட் அவுட்.