செயப்படுபொருள் வந்து சேரும்வரை

புனேயை அடுத்த ஆகுர்டியில் எங்கள் அடுக்ககத்தில் வீட்டுக்குள் அவரவர் தாய்மொழி, லிஃப்டுக்குள் அரைகுறை இந்தி, நோட்டீஸ் போர்டில் மட்டும் இங்கிலீஷ். அந்த இங்கிலீஷின் காவல் தெய்வம் கீழ்வீட்டு மராத்திக்காரக் காகா. மாலையானால் பேரனை உட்காரவைத்து, "வெர்புக்குப் பக்கத்தில் நின்று 'வாட்?' 'ஹூம்?' என்று கேள், ஆப்ஜெக்ட் தானாக வெளியே வரும்" என்பார். பால்கனி வழியாக எனக்கும் பாடம் இலவசம்.

மேஜைமேல் ரென் அண்ட் மார்ட்டின் இலக்கணப் புத்தகம். அந்த ரென் பம்பாய் மாகாணக் கல்வித்துறையில் வேலை பார்த்தவர். 1924இல் 'போ ஜெஸ்ட்' என்று பாலைவனப் போர்வீரர்கள் நாவல் எழுதிப் பெயர் வாங்கினார். நாவலையும் இலக்கணத்தையும் ஒரே ஆள் எழுதியதில் எனக்கு வியப்பில்லை. இரண்டிலும் முழுசாகத் தப்பித்தவர்கள் குறைவு.

காகாவுக்குப் பிடித்த உதாரணம்: "ஐ புக்டு எ சேதக்." 1972இல் வந்த பஜாஜ் சேதக் ஸ்கூட்டர் இந்த ஊர்ச் சரக்கு. எத்தனை வண்டி செய்யலாம் என்று அரசாங்கமே அளவு வைத்திருந்த லைசென்ஸ் காலம் அது. பணம் கட்டியவர்கள் வருஷக்கணக்கில் காத்திருந்தார்கள். ரென் அண்ட் மார்ட்டினில் வெர்பை அடுத்து ஆப்ஜெக்ட் வந்துவிடும். காகாவுக்கு நடுவில் ஒரு கல்யாணமும் இரண்டு பிள்ளைகளும் வந்தபிறகே சேதக் வந்தது. ஆப்ஜெக்டின் அருமை அவருக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்?

நமக்குத் தெரியாது. "சாப்பிட்டாச்சா?" "ஆச்சு." யார், எதை என்ற பேச்சே இல்லை, காரியம் நடந்துவிட்டது. இந்தப் பழக்கத்தோடு ஆபீசுக்குப் போய் "ஐ டோல்ட்", "ஹி வில் கிவ்" என்று பாதியில் நிறுத்துகிறோம். வேண்டாத இடத்திலோ "டிஸ்கஸ் அபவுட்" என்று ஒரு 'அபவுட்டை' இனாமாகக் கொடுக்கிறோம்.

மராத்தியில் நடந்து முடிந்த காரியத்தைச் சொன்னால் ஆப்ஜெக்ட்தான் அதிகாரி. மாம்பழம் தின்றால் "மீ ஆம்பா கால்லா", சப்பாத்தி தின்றால் "மீ போளீ கால்லீ". ஆம்பா ஆண்பால், போளீ பெண்பால். தின்றவன் ஆணா பெண்ணா என்று அந்த வினைச்சொல் திரும்பியும் பார்க்காது, சப்பாத்திக்குத்தான் சலாம் போடும்.

பிரதிப்பெயருக்கு வந்தால் குழப்பம் இன்னும் சுவையானது. இங்கிலீஷில் 'ஐ' எழுவாய், 'மீ' செயப்படுபொருள். மராத்தியிலோ 'மீ' என்றாலே 'நான்'. தமிழில் 'ஐ' இரண்டாம் வேற்றுமை உருபு, செயப்படுபொருளின் வாலில் தொங்குவது. காகாவின் பேரன் "மீ ஈட் மேங்கோ" என்று எழுதித் திட்டு வாங்கியபோது எனக்குப் பரிதாபமாக இருந்தது. பையன் தன் பாட்டனின் இலக்கணத்தைத்தான் காப்பாற்றினான்.

தமிழும் மராத்தியும் கைகோக்கும் இடம் ஒன்று உண்டு. கேட்பவரையும் சேர்த்தால் நாம், விட்டுவிட்டால் நாங்கள். அங்கே ஆபண், ஆம்ஹி. இங்கிலீஷுக்கு இரண்டுக்கும் ஒரே 'வீ'தான். உலகத்தையே ஆண்ட பாஷைக்குப் பந்தியில் யார் உட்காரலாம், யார் பரிமாற வேண்டும் என்று சொல்லத் தெரியவில்லை.

இதன் விளைவை எங்கள் சொசைட்டி செக்ரட்டரி அனுபவித்தார். "வீ வில் கிளீன் தி வாட்டர் டேங்க் ஆன் சண்டே" என்று போர்டில் ஒட்டினார். அவர் நினைத்தது ஆபண். நாங்கள் எல்லோரும் ஒற்றுமையாகப் படித்தது ஆம்ஹி. ஞாயிறு காலை மொட்டைமாடியில் அவரும் ஒரு துடைப்பமும்.

மறுவாரம் நோட்டீஸ் மாறியது: "தி டேங்க் வில் பி கிளீன்டு." செயப்பாட்டுவினை. ஆப்ஜெக்ட் எழுவாய் நாற்காலியில் ஏறி உட்கார்ந்துவிட்டது, செய்கிறவரைக் காணோம். மொட்டைமாடியிலும் அதே நிலைமைதான். இந்த முறை செக்ரட்டரியும் வரவில்லை.