புதியதா, புதுப்பித்தலா?

மகா கனம் பொருந்திய உதவித்தொகை இணையதளத்தின் சமூகத்துக்கு,

திருவையாற்றில் பிரவுசிங் சென்டர் நடத்துபவன் எழுதிக்கொள்வது. நான் நலம். தாங்கள் நலமா என்று கேட்க மாட்டேன். காலை பதினோரு மணிக்கு மேல் தாங்கள் கண் திறப்பதே இல்லை.

போன வாரம் எங்கள் தெருப் பெண் வந்தாள். பாலிடெக்னிக் மூன்று வருஷம் முடித்து, லேட்டரல் என்ட்ரியில் நேரே பி.இ. இரண்டாம் வருஷம் சேர்ந்திருக்கிறாள். 'புதியதா, புதுப்பித்தலா?' என்று கேட்டீர்கள். புதியது என்றோம், ஆதார் ஏற்கெனவே பழைய கல்லூரிக் கணக்கில் இருக்கிறது என்றீர்கள். சரி, புதுப்பித்தல் என்றோம். கல்லூரி மாறியிருக்கிறதே என்றீர்கள். பிறகு சிவப்பு நட்சத்திரம் போட்ட கட்டத்தில் பி.இ. முதலாண்டு மதிப்பெண் கேட்டீர்கள். படிக்காத வருஷத்துக்கு மதிப்பெண் ஏது? பூஜ்யம் போட்டேன். 'தகுதியில்லை' என்று நொடியில் பதில் வந்தது. தாங்கள் அவ்வளவு சுறுசுறுப்பாக வேலை பார்த்து நான் கண்டதில்லை.

பழைய இடத்தில் 'புது காலேஜ்ல கேளும்மா' என்கிறார்கள். புது இடத்தில் 'அவங்க ரிலீஸ் பண்ணட்டும்மா'. பொனஃபைடு, வருமானச் சான்று, டி.சி. நகல் எல்லாம் போட்ட மஞ்சள் பையோடு அவள் அப்பா பஸ் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறார்; நடவு நேரத்தில்.

நடவு என்றதும் ஞாபகம் வருகிறது. நாற்றங்காலில் 25 நாள் வளர்ந்ததைப் பறித்து, முடி கட்டி, வயலில் நடுவோம். நட்ட வாரம் பயிர் வெளிறித் துவண்டு நிற்கும். பச்சை பிடிக்கும்வரை வயலைக் காயவிட மாட்டோம். தாங்கள் சரியாக அந்த வாரம் பார்த்து மடையை அடைக்கிறீர்கள். கேட்டால், நாற்றங்கால் இன்னும் ரிலீஸ் பண்ணவில்லையாம்.

ஆத்திரத்தில் ஒரு காரியம் செய்தேன். கும்பகோணத்துக் கணிதமேதை ராமானுஜன் பெயரில் ஒரு படிவம் நிரப்பினேன். தகப்பனார் துணிக்கடைக் கணக்குப்பிள்ளை, மாதம் 20 ரூபாய்; தங்கள் வருமான வரம்புக்குள் தாராளமாக அடங்கிவிட்டார். மேற்கொண்டுதான் சிக்கல். 1904இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்தவர், கணக்கைத் தவிர வேறெதையும் தொடாமல், ஆங்கிலத்தில் தவறி, தொகையை இழந்தார். 1906இல் சென்னை பச்சையப்பன் கல்லூரி, பி.ஏ.வுக்கு முந்தைய எஃப்.ஏ. வகுப்பு. அங்கும் தேறவில்லை. இடைவெளி ஆண்டுகளுக்குக் காரணம் கேட்டீர்கள். 'திண்ணையில் சிலேட்டும் கையுமாக இருந்தார்' என்று எழுதினேன். கீழே விழும் பட்டியலில் அப்படி ஒரு காரணம் இல்லை.

1913இல், பட்டமே இல்லாத இந்த ஆளுக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. விதி குறுக்கே நின்றது, ஒதுக்கிவிட்டுக் கொடுத்தார்கள். (அப்போது மேலே இருந்தவன் வெள்ளைக்காரன். எதிரில் உட்கார்ந்து பேச ஒரு முகமாவது இருந்தது.) 1916இல் கேம்பிரிட்ஜ் பி.ஏ. கும்பகோணத்தில் கால் வைத்தவர் மூன்றாவது கல்லூரியில் பட்டதாரி ஆனார். இவருக்கு நான் எதை அமுக்குவது, புதியதா, புதுப்பித்தலா?

அந்தப் பெண்ணின் ஹாஸ்டல் ஃபீஸ் கெடு பதினைந்தாம் தேதி.

இப்படிக்கு,
ஓடிபி-க்காகக் காத்திருப்பவன்

பி.கு.: ராமானுஜனின் நோட்டுப்புத்தகத்தையும் இணைக்கப் பார்த்தேன். 200 கேபி-க்குள் அடங்கவில்லை.