கேபினெட் துறந்தவர்

கொடைக்கானலில் டிசம்பர் மாதம் பொழுது சாய்ந்த பிறகு யார் வீட்டுக்குப் போனாலும் ஸ்வெட்டர், மப்ளர், குரங்குக் குல்லா சகிதமாகத்தான் கதவைத் திறப்பார்கள். இவரும் அப்படித்தான் திறப்பார். ஆனால் உள்ளே மேஜைமேல் ஒரு ஜீவன் மட்டும் சட்டையில்லாமல் நிற்கும். மதர்போர்டு, ராம், வயர்கள் என்று அதன் அந்தரங்கம் மொத்தமும் வருகிறவர் போகிறவர் கண்ணில் படும். "காத்தாட இருக்கட்டும்ணே, உள்ள வேகுதுல்ல" என்பார், வாயிலிருந்து குளிர்ப்புகை வர.

மலையில் தெருவுக்கு ஒருவராவது இப்படி இருப்பார் என்று நினைக்கிறேன். வயது நாற்பதைத் தொட்டிருக்கும். மூஞ்சிக்கல்லில் ஜெராக்ஸ் கடையோ, நாயுடுபுரத்தில் இரண்டு அறை ஹோம்ஸ்டேயோ வைத்திருப்பார். கல்யாணத்துக்கு முன்பு சென்னை ரிச்சி தெருவில் பார்ட் பார்ட்டாகப் பேரம் பேசி வாங்கி அசெம்பிள் செய்தவர். அந்தப் பேரத்தில் அரை மனதோடு வாங்கிய ஒரே பொருள் கேபினெட். அந்தத் தகரப் பெட்டிமேல் அன்றைக்கே பகை.

முதலில் சைடு டோரைக் கழற்றினார். இது தமிழ்நாட்டில் பாதிப் பேர் செய்வதுதான். சமவெளியில் மே மாதம் வந்தால் அந்தக் கதவு கட்டிலுக்கு அடியில் போகும், பக்கத்தில் டேபிள் ஃபேன் வந்து நிற்கும். இவர் அதோடு நிற்கவில்லை. பேரிக்காய்ப் பெட்டிப் பலகை நாலு, போர்டு செய்கிற கடையில் மிஞ்சிய அக்ரிலிக் துண்டு, அலமாரிக்குப் போடுகிற ஓட்டை ஆங்கிள், ஒரு கட்டு கேபிள் டை. ஒரே ஞாயிற்றுக்கிழமையில் கேபினெட் காயலான் கடைக்குப் போனது.

பவர் பட்டனும் அதோடு போய்விட்டது. அதனால் இவர் கம்ப்யூட்டரை ஆன் செய்வதே ஒரு தரிசனம். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிவார். மதர்போர்டின் கீழ் ஓரத்தில் நிற்கும் ஊசிக் கூட்டத்தில் குறிப்பிட்ட இரண்டைத் தேடிப் பிடித்து, சின்ன ஸ்க்ரூ டிரைவர் நுனியால் ஒரு தொடு. ஃபேன் ஒரு உலுக்கு உலுக்கிச் சுற்றத் தொடங்கும். வந்தவர் இரண்டடி பின்னால் போயிருப்பார். "பயப்படாதீங்கண்ணே, இதுல இருக்கிறது அஞ்சு வோல்ட்டு. ஷாக்கடிக்கிற சமாச்சாரமெல்லாம் எஸ்எம்பிஎஸ் டப்பாக்குள்ள. அதை மட்டும் நான் தொறக்கமாட்டேன்." அந்த ஒரு மூடியாவது மிஞ்சியதே என்று அவர் மனைவி குறிஞ்சி ஆண்டவர் கோயிலில் அர்ச்சனை செய்துவிட்டு வந்தார்.

எதிர்த்துப் பேசினால் சரித்திரம் வரும். 1976இல் ஆப்பிள் விற்ற முதல் கம்ப்யூட்டர் வெறும் போர்டுதான், பெட்டியை வாங்கினவரே செய்துகொள்ள வேண்டும். 1999இல் கூகுள்காரர்கள் தக்கைப் பலகையை விரித்து, தட்டுக்கு நாலு மதர்போர்டாக அடுக்கி உலகத்துக்கே தேடிக் கொடுத்தார்கள். இரண்டும் உண்மை. அந்த அடுக்கு இன்று அமெரிக்காவில் மியூசியத்தில் இருக்கிறது என்பதையும் பெருமையாகச் சொல்வார். ஏன் மியூசியத்துக்குப் போனது என்று கேட்டால் டீ சொல்ல எழுந்துவிடுவார்.

இவருடைய குளிர்ச்சிக் கணக்கை முழுக்கவும் தள்ள முடியாது. சிப்பின் சூடு அறையின் சூட்டுமேல்தான் ஏறி உட்காருகிறது. பழனி அடிவாரம் 38 டிகிரியில் காயும் ஏப்ரல் மத்தியானத்தில் இங்கே 20ஐச் சுற்றித்தான் இருக்கும். மலை ஏறியதற்கே 18 டிகிரி லாபம். ஆனால் 7,000 அடியில் காற்றும் இளைத்துப்போகிறது. கடல்மட்டத்துக் காற்றில் ஐந்தில் நாலு பங்கு அடர்த்திதான் இருக்கும். ஃபேன் அதே வேகத்தில் சுற்றும், அதே இரைச்சல் போடும், சூட்டை அள்ளிக்கொண்டு போகிற காற்றின் எடை மட்டும் குறைவு. லாபத்தில் ஒரு பங்கை மலையே பிடித்துக்கொள்கிறது.

அதைவிடப் பெரிய நஷ்டம் பெட்டியைக் கழற்றியதில். கேபினெட்டை இவர் மூடி என்றே நினைத்துவிட்டார். அது காற்றுக்கு வெட்டிய வாய்க்கால். முன்னால் இழுத்த காற்று ஹார்டு டிஸ்க்கைத் தொட்டு, போர்டைத் தடவி, பின்பக்கம் வெளியேறும். கரையை உடைத்துவிட்டால் கிராஃபிக்ஸ் கார்டுக்குக் கொண்டாட்டம்தான், தான் விட்ட அனலையே திரும்ப இழுக்க வேண்டியதில்லை. பிராசஸருக்கும் கொஞ்சம் லாபம். இவர்களுக்கெல்லாம் சொந்த ஃபேன் இருக்கிறது. பிராசஸரைச் சுற்றி உட்கார்ந்து மின்சாரத்தைப் பங்கு பிரிக்கும் சின்னச் சின்னச் சில்லுகளுக்கு யார் இருக்கிறார்கள்? அசையாத காற்றில் அவை வேகும். இவர் விரல் வைத்துப் பார்த்தார். வைத்த வேகத்தில் எடுத்தார்.

உடனே வத்தலக்குண்டுக்கு இறங்கி டேபிள் ஃபேன் வாங்கிவந்தார். கொடைக்கானலில் சீலிங் ஃபேன் இல்லாத வீடுகளே அதிகம். டேபிள் ஃபேனை மடியில் வைத்துக்கொண்டு மலை பஸ்ஸில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்த கண்டக்டர், "அண்ணே, இது மேல போற வண்டி. மதுரை பஸ் அந்தப் பக்கம் நிக்குது" என்றார்.

ஆசை அடங்கவில்லை. ஏஎம்டி ரைசன் 7000 வரிசையில் பெரிய சிப் ஒன்று வாங்கினார். 2022இல் வந்த அந்த வரிசை, முழு வேலை கொடுத்தால் 95 டிகிரிக்குப் போவது இயல்பு என்று கம்பெனியே சொல்லிவிட்டது. இந்த உயரத்தில் தண்ணீர் சுமார் 93இலேயே கொதித்துவிடும், குக்கர் இல்லாமல் பருப்பு வேகாது. உலைத் தண்ணீரைவிடச் சூடாக ஒரு சாமான் மேஜைமேல். திறந்து வைத்தாலும் 95தான். கிடைத்த குளிர்ச்சியை அது இன்னும் வேகமாக ஓடிச் செலவழித்துவிடும். இவரோ காலையும் மாலையும் டிகிரியை நோட்டில் குறித்துவருகிறார். 1899இல் அமைந்து, சூரியனையே கண்காணிக்கும் வானாய்வுக்கூடம் உள்ள ஊர். சூரியப் புள்ளியிலிருந்து வாயு வெளிப்பக்கமாக ஓடுவதை 1909இல் எவர்ஷெட் கண்டது இங்கேதான். அந்தப் பரம்பரையில் நோட்டுப் போடாமல் இருக்க முடியுமா?

சூட்டையே பார்த்துக்கொண்டிருந்தவர் ஈரத்தைக் கவனிக்கவில்லை. ஓடிக்கொண்டிருக்கிற கம்ப்யூட்டரை மேகம் ஒன்றும் செய்யாது. சுற்றியிருக்கும் காற்றைவிடச் சூடான பொருளில் நீர் படியாது. ராத்திரி அணைத்துவிட்டுப் படுத்தால்தான் வினை. விடியற்காலையில் ஹீட் சிங்க் பத்து டிகிரியில் விறைத்திருக்கும். யாராவது வெந்நீரில் குளித்துவிட்டு பாத்ரூம் கதவைத் திறந்தால், ஆவி நேரே வந்து அலுமினியத் தகடுகளில் முத்து முத்தாக வேர்க்கும். தகரப் பெட்டி இருந்திருந்தால் கொஞ்சமாவது தடுத்திருக்கும். இவர் கண்ட வழி, அணைப்பதே இல்லை. மின்கட்டணம் வேறு கதை. பல்லி, பூனை முடி, ஒட்டடை, தாத்தாவின் மீடியம் வேவ் ரேடியோவில் திருச்சிச் செய்திகளுக்குக் குறுக்கே ஓயாத இரைச்சல் எல்லாம் சில்லறைத் தொல்லைகள்.

ஒருநாள் ஜன்னல் வழியே மேகம் ஒன்று ஹாலுக்குள் நுழைந்த அதே நேரம் கரண்ட் போனது. கண்ணெதிரே மதர்போர்டு ஆறி ஈரமாவதைப் பார்த்தவருக்கு ஞானம் பிறந்தது. துண்டால் ஒற்றிவிட்டு, "நல்லதா ஒரு கேபினெட் வாங்கிரலாம்னு இருக்கேன்" என்றார்.

"எதுக்கு?" என்றார் மனைவி.

ஆறு வருஷம் அந்தச் சட்டையில்லாத கம்ப்யூட்டரைத் திட்டியவர் அவர்தான். ஆனால் கொடைக்கானல் குளிரில் இட்லி மாவு புளிக்காது. அடுப்பு மேடையில் வைத்தும் கம்பளி சுற்றியும் பார்த்து அலுத்துப்போயிருந்தார். பூனை எப்போதும் கிராஃபிக்ஸ் கார்டுக்கு வலப்பக்கமே சுருண்டு கிடப்பதைக் கவனித்து, ஒருநாள் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு அந்த இடத்தில் மாவுத் தூக்கை வைத்தார். காலையில் மூடியைத் தள்ளிக்கொண்டு மாவு பொங்கியிருந்தது.

"இல்ல, ஈரம் படியுது, தூசி வேற..."

"அதெல்லாம் தொடச்சிக்கலாம். கேபினெட் வாங்கி மூடிட்டா மாவை எங்க வைக்கிறதாம்? நாளைக்கு விருந்தாளிங்க எட்டுப் பேரு, கூடப்போட்டு அரைச்சிருக்கேன். சாப்ட்டுட்டு அந்தக் கார் ரேஸ் கேமை ரெண்டு மணி நேரம் விளையாடுங்க."